காலண்டரின் கீழ்த்துண்டு

ஆண்டு முடிந்ததும் காலண்டரைக் கழற்றி எறிவது உலக வழக்கம். நம் இல்லங்களிலோ சில காலண்டர்கள் ஆண்டு முடிந்த பின்னர்தான் தம் உண்மையான வாழ்வைத் தொடங்கின. தேதித் தாள்கள் யாவும் கிழிந்து தீர்ந்த பின்னும் மேலிருந்த படம் சுவரிலேயே தங்கிவிடும். ஒருபுறம் கருந்திரை போர்த்திய கஃபத்துல்லாஹ். மறுபுறம் மதீனா முனவ்வராவின் பச்சைக் குப்பா. மேலே பிறையும் விண்மீனும். கீழே ஒரு கடையின் பெயர். இத்தகைய படம் மாட்டப்படாத முஸ்லிம் வீடு நான் சிறுவனாயிருந்த நாளில் எங்கள் காயல்பட்டினத்தில் அரிதாகவே இருந்தது.

அத்தகைய பழைய அச்சுப் படங்களைச் சேகரிப்பவன் நான். செல்வந்தர்கள் சேர்க்கும் ஓவியங்களைப் பற்றி எனக்கு யாதும் தெரியாது. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கிடைத்த காலண்டர் படங்கள், கடைச் சுவரொட்டிகள், அத்தர்ப் புட்டிகளின் பெயர்த்தாள்கள், அரபு எழுத்தணி அச்சுகள் ஆகியவையே என் செல்வம். எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்போருக்கு நான் பல காலமாக ஏதேதோ விடை சொல்லி வந்தேன். உண்மையான விடை ஒன்றே: நான் செய்த ஒரு பிழைக்குப் பரிகாரம் தேடித்தான் இத்தொழிலில் இறங்கினேன்.

பேரு எங்கே?

என் வாப்பா கொழும்பில் சிறியதொரு கைலிக் கடை வைத்திருந்தார். அவர் பெயரால் கடை நடந்த காலம் சில ஆண்டுகளே. அக்காலத்தில் ஒரே ஒரு முறை, 1957ஆம் ஆண்டுக்கு, வாடிக்கையாளர்களுக்கென்று காலண்டர் அச்சிட்டு வழங்கினார். அதில் ஒன்றை ஊருக்கு அனுப்பினார். உம்மா அதனைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். ஆண்டு முடிந்த பின்னும் அது அங்கேயே இருந்தது. 1960களில் வாப்பா கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்; 1979இல் இறையடி சேர்ந்தார். ஹஜ்ஜுக்குச் செல்ல வேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறவில்லை. அந்தப் படத்தின் எதிரே சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். அவர் கண்ட மக்கா அது ஒன்றே.

1981இல் எனக்கு இருபத்தொரு வயது. முதற் சம்பளம் வாங்கி ஊர் வந்திருந்தேன். “அந்தக் காலண்டருக்குக் கண்ணாடி போட்டுத் தா” என்று உம்மா கேட்டார். படத்தைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் படக்கடைக்குச் சென்றேன். கடையில் ஆயத்தமாயிருந்த சட்டம் படத்தைவிடச் சற்றே குட்டையானது. புதிய சட்டம் செய்ய வேண்டுமானால் இரண்டு நாள் ஆகும். எனக்கு அன்றே வேண்டும். கடைக்காரர் படத்தின் அடியிலிருந்த வெள்ளைத் துண்டைக் காட்டி, “இது வெறும் விளம்பரந்தானே, எடுத்துவிடலாமா?” என்றார். நான் தலையசைத்தேன். வாப்பாவின் பெயரும் கடையின் பெயரும் தெருவும் ஆண்டும் அச்சான அந்தத் துண்டு கத்தரியின் ஓரத்தில் விழுந்தது. படம் சுருங்காதிருக்க மைதாப் பசை தடவி, அட்டையில் முழுதும் ஒட்டிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உம்மா படத்தைக் கையில் வாங்கினார். மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். “பேரு எங்கே, வாப்பா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் தாய்மார் மகனையும் வாப்பா என்றே அழைப்பது வழக்கம். “அது விளம்பரம் உம்மா, படத்துக்கு அழகாக இல்லை” என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

அவர் எதைக் கேட்டார் என்பது எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. விளங்கிய நாளில் அவர் இல்லை. 1996இல் அவரும் மறைந்துவிட்டார்.

தேடலும் படிப்பும்

அதே படத்தின் மற்றொரு பிரதி எங்கேனும் இருக்காதா என்ற எண்ணத்தில்தான் பழைய தாள்களைப் புரட்டத் தொடங்கினேன். சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் நாள் தீக்கிரையாவதற்கு முன் அதன் பழைய புத்தகக் கடைகளில் சில மாலைகளைக் கழித்திருக்கிறேன். பின்னர்த் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகள். காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்கள் விற்கும் தெரு. மும்பைக்குப் பணி நிமித்தம் செல்லும்போதெல்லாம் சோர் பஜாரின் மட்டன் தெரு. தேடிய படம் கிடைக்கவில்லை. ஆனால் தேடியவன் கையில் வேறு பல படங்கள் சேர்ந்தன. அவற்றோடு சிறிது அறிவும் சேர்ந்தது.

படம் எவ்வாறு அச்சாயிற்று என்பதை அறிய ஒரு சிறிய பூதக்கண்ணாடி போதும். கல்லச்சு என்னும் முறையை 1796 வாக்கில் ஜெர்மானியரான செனஃபெல்டர் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. கொழுப்பு மையால் கல்லில் வரைந்து நீர் தடவினால், வரைந்த இடம் மட்டும் அச்சு மையை ஏற்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு கல். இரவி வர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் இவ்வாறுதான் வண்ணப் படங்களை எளியோர் வீடுகளுக்குக் கொண்டு சென்றது. அத்தகைய பழைய படத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், மணலைத் தூவியது போன்ற ஒழுங்கற்ற பொடிப் புள்ளிகள் தெரியும். பிற்காலத்து ஆஃப்செட் படத்திலோ நான்கு மைகளின் புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்று, சிறு சிறு பூ வடிவங்களாய்க் காட்சி தரும்.

கல்லச்சுக்கும் நமக்கும் தனியொரு உறவு உண்டு. அரபுத் தமிழுக்கென அமைந்த சிறப்பு எழுத்துகளை ஈய அச்சில் கோப்பது கடினம். எழுத்தர் கைப்பட எழுதியதை அப்படியே அச்சாக்கித் தந்தது கல். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்களின் அரபுத் தமிழ் ஆக்கங்கள் வீடுதோறும் பரவிய காலம் அது. உம்மா போன்ற பெண்கள் ஓதக் கற்றதும் எழுதக் கற்றதும் அந்த எழுத்தில்தான்.

காலண்டர்த் தொழிலின் நுட்பத்தையும் பின்னர் அறிந்தேன். சிவகாசி போன்ற இடங்களில் பெரிய அச்சகங்கள் ஒரே படத்தை ஆயிரக்கணக்கில் அச்சிடும். அடிப்பகுதியை வெறுமையாக விட்டுவிடும். வணிகர் தமக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்து, வேண்டிய அளவு வாங்கி, தம் பெயரை அந்த வெற்றிடத்தில் தனியாக அச்சிட்டுக்கொள்வார். ஒரே படம் ஓர் ஊரில் அரிசி மண்டியின் பெயரிலும் மற்றோர் ஊரில் மருந்துக் கடையின் பெயரிலும் தொங்கும்.

இப்படங்களை வரைந்தோரும் வெளியிட்டோரும் யாவர் என ஆராய்வோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. டில்லியைச் சேர்ந்த யூசுஃப் சயீத் இந்திய முஸ்லிம்களின் சமயப் படங்களைப் பற்றி 2012இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். மக்கா மதீனாப் படங்களை அச்சிட்டு விற்றவர்களில் இந்து வணிகர்களும் இருந்தனர் என்பதை அந்நூலால் அறிகிறோம். மீரட்டைச் சேர்ந்த ஹசன் ரஸா ராஜா என்னும் முஸ்லிம் ஓவியரோ இந்துத் தெய்வப் படங்களை வரைந்து புகழ் பெற்றார். தொழிலும் கலையும் மனிதர்களை எவ்வளவு அருகில் அமர்த்தியிருந்தன என்பதற்கு இந்தத் தாள்களே சான்று.

காணாமற்போன கட்டடங்கள்

2006இல் ஹஜ்ஜுக்கடனை நிறைவேற்றும் பேற்றினை அல்லாஹ் எனக்கு அருளினான். தவாஃப் முடித்து ஓரமாக அமர்ந்தபோது, எங்கள் கூடத்துப் படம் நினைவில் எழுந்தது. அந்தப் படத்திலிருந்த பலவற்றை என் கண் தேடியது. கஃபாவைச் சூழ நின்ற சிறு சிறு மண்டபங்கள் எங்கே? வளைவு வாயில் எங்கே? மதாஃபின் விளிம்பில், துருக்கியர் காலத்துச் சிறு குவிமாடங்களைத் தாங்கிய தூண்வரிசை மட்டும் எனக்குப் பழகிய முகமாக நின்றது.

ஊர் திரும்பிய பின் படித்தறிந்தேன். நான்கு மத்ஹபினருக்கும் தனித்தனியே ஹரமில் இடங்கள் இருந்த காலம் ஒன்றிருந்தது. நம் கடற்கரையோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபுக்குரிய இடம் ஸம்ஸம் கிணற்றின் மேலிருந்த கட்டடத்தில் அமைந்திருந்தது. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையிலான பாதை பள்ளிக்கு வெளியே, கடைகள் நிறைந்த வீதியாக இருந்தது. 1955இல் தொடங்கிய பெரும் விரிவாக்கத்தின்போது அந்தப் பாதை பள்ளிக்குள் வந்தது, மண்டபங்கள் அகன்றன. ஆண்டுதோறும் பெருகிவரும் ஹாஜிகளுக்கு இடம் வேண்டுமல்லவா? எனினும், வாப்பா கண்ட மக்கா இன்றைக்குத் தாளில் மட்டுமே உள்ளது. எகிப்தியரான முஹம்மது சாதிக் பே மதீனாவை 1861இலும் மக்காவை 1880இலும் படம் பிடித்தார். அத்தகைய அரும்படங்கள் நூலகங்களில் உள்ளன. அவற்றைப் பார்த்திராத எளிய குடும்பங்களுக்கு அந்நினைவைக் காத்துத் தந்தவை காலண்டர்களே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படத்தில் பழைய ஹரம் இருப்பதால் படமும் பழையது என்று முடிவு கட்டலாகாது. ஓவியர்கள் முந்தைய படத்தைப் பார்த்தே மீண்டும் மீண்டும் வரைந்தார்கள். காலத்தைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் கீழ்த்துண்டுதான். விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957க்கு முற்பட்டது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்குப் பிற்பட்டது. மதராஸ் ராஜ்யம் என்றிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முந்தியது. இத்தனை சான்றுகளையும் தாங்கிய துண்டைத்தான் நான் “அழகாக இல்லை” என்று வெட்டுவித்தேன்!

பழைய படங்கள் ஏன் இவ்வளவு அரிதாயின என்பதையும் சிந்தித்திருக்கிறேன். கறையான் ஒரு காரணம். கடற்காற்றின் ஈரம் ஒரு காரணம். நம் மரியாதையும் ஒரு காரணம். அல்லாஹ்வின் திருப்பெயரோ திருவசனமோ பொறித்த தாளைக் குப்பையில் இடக் கூடாது என்று பெரியோர் கற்பித்தனர். ஆகவே பழசானவற்றைக் கிணற்றிலும் கடலிலும் இட்டார்கள், மண்ணில் புதைத்தார்கள். அந்தப் பேணுதலைக் குறை கூற நான் துணியேன். எஞ்சியவற்றைத் தூய்மையாகக் காப்பதும் மரியாதையின் மற்றொரு வகை என்றே கருதுகிறேன்.

உருவப் படங்களைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. உயிருள்ளவற்றின் உருவம் சுவரில் வேண்டாம் என்பது வாப்பாவின் உறுதி. எங்கள் வீட்டில் புராக்கின் படம் தொங்கியதே இல்லை. பழைய தாள்களோடு அத்தகைய படங்களும் சில என்னிடம் வந்து சேர்ந்துள்ளன. அவற்றைக் காலத்தின் ஆவணமாக உறையில் வைத்திருக்கிறேன், மாட்டுவதில்லை. கஃபாவின் படமேயானாலும் அது நினைவூட்டும் தாளேயன்றி வேறில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதும் நம் கடமை.

அட்டையின் மறைவில்

2013இல் மட்டன் தெருவில், கட்டுக் கட்டாய்க் கிடந்த திரைப்படச் சுவரொட்டிகளின் அடியில் அந்தப் படம் கிடைத்தது. அதே கஃபா, அதே பிறை, அதே மஞ்சள் வானம்! என் கை நடுங்கிற்று. இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். விடுதி அறையில் விரித்துப் பார்த்தேன். கீழ்த்துண்டு முழுமையாக இருந்தது. அதில் ஹைதராபாத்தின் ஓர் அத்தர்க் கடையின் பெயரும் 1958 என்ற ஆண்டும் அச்சாகியிருந்தன.

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியது கிடைத்துவிட்டது. ஆயினும் நான் இழந்தது கிடைக்கவில்லை. படம் ஆயிரக்கணக்கில் அச்சானது. தேடினால் இன்னும் பத்து கிடைக்கலாம். வாப்பாவின் பெயரோ ஒரு சிறு கடையின் சில நூறு தாள்களில் மட்டுமே இருந்தது. எளிதில் கிடைப்பதைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, எங்கும் கிடைக்காததைப் படக்கடையின் தரையில் விட்டு வந்தவன் நான்.

மறு ஆண்டு ராத்தா வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்கே சேர்வது மரபு. கூடத்துப் படமும் அவரிடமே இருந்தது. “தம்பி, இதைப் பார். படத்தில் பழுப்பு ஏறுகிறது” என்று அழைத்தார். நான் கண்ணாடியைக் கழற்றினேன். மலிவான அட்டையிலுள்ள அமிலம் தாளுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. தாள்களைப் பழுது பார்க்கும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் சென்னையில் கொடுத்தேன். அவர் விளக்கின் எதிரே படத்தைச் சாய்த்து நோக்கிவிட்டு, “பின்பக்கம் ஏதோ எழுத்து அழுந்தியிருக்கிறது” என்றார்.

மைதாப் பசை ஈரத்திற்கு இளகும். அதுவே எங்களைக் காத்தது. அச்சு மை கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதித்த பின், மெல்ல மெல்ல ஈரம் காட்டி, அட்டையைப் பிரித்தெடுத்தார். சில நாள்களில் தாள் தனியே வந்தது. அதன் முதுகில், பென்சிலால், உம்மாவின் கை: அரபுத் தமிழில் மூன்று வரிகள். பேனா மையாயிருந்தால் பசையின் ஈரத்திலேயே கரைந்திருக்கும்.

முதல் வரியில், ஹிஜ்ரி 1377, ரபீயுல் அவ்வல் பிறை ஒன்பது, ஸுபுஹு நேரம். இரண்டாம் வரியில், பெண் பிள்ளை, அல்ஹம்து லில்லாஹ். மூன்றாம் வரியில், வாப்பா கொழும்பில், கடிதம் போட்டாயிற்று.

ராத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் 1958 ஜூன் 1. அக்காலத்தில் பிள்ளைகள் பலரும் ஏட்டின்படி ஜூன் மாதத்தில்தான் பிறந்தார்கள்! உண்மையில் அவர் பிறந்தது 1957 அக்டோபர் முதல் வாரம். பிறைக் கணக்கில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். படத்தை எடுத்துச் சென்று ராத்தாவிடம் படித்துக் காட்டினேன். அரபுத் தமிழ் அவருக்கும் தெரியும். எனினும், “நீயே இன்னொரு முறை படி” என்றார். படித்தேன். “உம்மா தனியாகத்தான் இருந்திருக்காங்க” என்றார். அதன்பின் சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

கண்ணாடி போட்ட அன்று உம்மா பெயரைப் பற்றி மட்டுமே கேட்டார். பின்புறத்தில் தாம் எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் எழுத்தை மறந்துவிட்டாரா, அல்லது மகனின் மகிழ்ச்சியைக் குலைக்க விரும்பவில்லையா என்பதை இனி யாரிடம் கேட்பது?

ஆசை உள்ளோர்க்குச் சில சொற்கள்

பொருட்செலவின்றி இத்தகைய படங்களைச் சேர்க்கவும் காக்கவும் இயலும். என் பட்டறிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்குமுன் பூதக்கண்ணாடியால் புள்ளிகளைப் பாருங்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கைக் காட்டினால், இன்றைய தாள் பெரும்பாலும் நீலமாய் ஒளிரும். பழைய தாள் மங்கிக் கிடக்கும். பழையதென விற்கப்படும் புதிய அச்சுக்குப் பெரும் விலை கொடாதிருக்க இது உதவும். ஒட்டு நாடாவைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் உறையை உருக்கி ஒட்டுவிக்காதீர்கள். அதை மீண்டும் பிரிக்க முடியாது. அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி தாளில் படாதபடி சிறிது இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள். வெயில் விழும் சுவரும் மழையில் ஊறும் வெளிச்சுவரும் ஆகா. ஆண்டுக்கொரு முறை இறக்கி, இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்று. கீழ்த்துண்டை வெட்டாதீர்கள். பின்புறத்தைப் பாராமல் ஒட்டாதீர்கள். படத்தின் அழகு அச்சகத்திற்குரியது. அந்தப் பெயரும் அந்தக் கையெழுத்துமே உங்கள் குடும்பத்திற்குரியவை.

படம் இப்போது ராத்தா வீட்டின் உட்சுவரில் இருக்கிறது. வேண்டும்போது திருப்பிப் பார்க்கும்படி இருபுறமும் கண்ணாடி இட்டுக் கொடுத்தேன். கீழ்த்துண்டு இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். புதிதாக அச்சிட்டு ஒட்டலாமே என்று மருமகன் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. கொழும்பிலோ காயலிலோ வேறு எந்த ஊரிலோ, ஏதேனும் ஒரு வீட்டின் பெட்டிக்குள் அந்தக் காலண்டர் முழுமையாய் இன்னும் இருக்கக்கூடும். தேடிக்கொண்டிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், கிடைக்கும் நாளில் அந்த இடத்தில் பெயர் வந்து சேரும். கிடைக்காவிடினும், அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பெற்றோருக்காக ஒரு துஆ என் நாவில் எழுகிறது. அதனை ஏற்றருள அவன் போதுமானவன்.